உருளும் வீடு

"இது எனக்குச் சொந்தம்" என்று ஒரு பொருளைச் சுட்டிக் கூறும்போது, அச்சொல்லின் எல்லை எதுவரை செல்கிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. விலை கொடுத்து வாங்கிவிட்டோம். ஆகவே அதை உடைக்கலாம், மாற்றலாம், வேறொன்றாக ஆக்கிக் கொள்ளலாம் என்று கருதுகிறோம். வீட்டிற்குள் கிடக்கும் மரப்பெட்டியைப் பொறுத்தவரை இக்கருத்தில் குறை காண்பதற்கில்லை. பெட்டியை மேசையாக்கலாம், மேசை ஆடத் தொடங்கினால் விறகாகவும் ஆக்கலாம். கேட்பாரில்லை. நம் பொருள் வாசற்படியைத் தாண்டிப் பொதுச்சாலையில் இறங்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது.

ஓடித் தேய்ந்த வேன் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைத்து, அதையே வீடாகக் கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் மேலை நாடுகளில் பெருகி, இன்று நம் நாட்டு இளைஞர் சிலரையும் பற்றிக் கொண்டுள்ளது. கேரள அரசு 2021-இல் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. நம் மக்களிற் பெரும்பாலோர் 'கேரவன்' என்ற சொல்லை அறிந்தது படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியைக் கொண்டுதான். அது செல்வரின் பொருள். நாம் இங்கே பேச எடுத்துக் கொண்டது, தன் கையாலேயே ரம்பமும் திருப்புளியும் பிடித்துப் பழைய வண்டியை வீடாக்கிக் கொள்ளும் எளிய மனிதரின் முயற்சியை.

சொல்லின் வரலாறே சுவையானது. பாரசீகத்தில் 'கார்வான்' என்றால் நெடுவழியில் கூடிச் செல்லும் வணிகரும் அவர்தம் ஒட்டகங்களும். அச்சொல் ஐரோப்பாவுக்குச் சென்று 'கேரவன்' ஆயிற்று. ஆங்கிலேயர் அதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக் கொண்டனர்; அந்த வாலே 'வேன்'. தமிழிலும் இத்தகைய வணிகக் கூட்டத்திற்குச் 'சாத்து' என்ற பழம்பெயர் உண்டு. ஆனால் கார்வான் என்பது எக்காலத்திலும் ஒரு கூட்டத்தைக் குறித்ததே தவிர, தனித்துச் செல்பவனைக் குறித்ததில்லை. இன்றைய கேரவனோ தனிமையை நாடுவோரின் வண்டி. சொல் அப்படியே இருக்க, பொருள் தலைகீழாகிவிட்டது.

உருளும் வீடு புதுமையானதும் அன்று. பதினான்காம் நூற்றாண்டில், நம் மதுரைக்கும் வந்து சென்ற மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, கிரைமியாவிலிருந்து உஸ்பெக் கானின் நாட்டிற்குள் சென்றபோது சக்கர வண்டியிலேயே பயணம் செய்தார். அவ்வண்டிகளை அவர் விவரித்திருக்கும் அழகு இன்றைய வண்டிப் பித்தர்களையும் நாணச் செய்யும். குதிரைகளோ எருதுகளோ ஒட்டகங்களோ இழுக்கும் நான்கு சக்கர வண்டி. அதன்மேல் மெல்லிய மரச்சட்டங்களைத் தோல்வாரால் பிணைத்து, கம்பளி விரிப்பால் போர்த்திய கூடாரம். பின்னல் சாளரங்கள் உண்டு. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே காண இயலாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே உறங்கினார், உண்டார், படித்தார், எழுதினார். பின்னர் கானின் பாசறை நகர்ந்து வந்ததைக் கண்டபோது, பள்ளிவாசல்களும் கடைத்தெருக்களும் சமையற் புகையுமாக ஒரு நகரமே பெயர்ந்து வருவதைக் கண்டதாகக் குறிக்கிறார். அங்கு வீடு மட்டும் நகரவில்லை. அண்டை வீடும், அங்காடியும், தொழுகைக்கு முன்னிற்கும் இமாமும் சேர்ந்தே நகர்ந்தனர். இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் வைத்துக் கொள்வோம்.

வீடு தன்னுடனேயே வருமாயின் ஒருவர் பயணியா, வீட்டில் இருப்பவரா? கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாவை நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்துள்ளனர். முஸாபிருக்கு நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக் கொள்ளும் சலுகை உண்டென்பது நம் பிள்ளைகளும் அறிந்ததே. மனைவி மக்களோடு கப்பலிலேயே வாழ்ந்து, கரையில் வேறு வீடு இல்லாத மாலுமிக்கு இச்சலுகை உண்டா? ஹன்பலி மத்ஹபில் இல்லை என்றனர். அவர் கடலில் ஆயிரம் கல் தொலைவு சென்றாலும், வீட்டை விட்டுப் பிரியவில்லையே என்பது அவர்கள் கண்ட நியாயம். ஷாஃபி மத்ஹபில் சலுகை உண்டு என்றனர். எனினும் கருத்து வேறுபாடு இருப்பதால் அத்தகையவர் முழுமையாகத் தொழுவதே சிறப்பு என்றனர். சட்ட முடிவை உலமாக்களிடமே விட்டுவிடுவோம். நமக்கு வியப்பளிப்பது அவர்களின் நுண்மை. தூரம் கடப்பதால் மட்டும் ஒருவன் பயணியாவதில்லை. எதையேனும் பிரிந்து செல்பவனே பயணி என்ற எண்ணம் அம்முதற் கருத்தில் பொதிந்திருக்கிறது. தலையணை, தேநீர்க் கோப்பை, அடுப்பு, விருப்பமான பாட்டு அனைத்தையும் ஏற்றிக் கொண்டு செல்பவர், தாம் உலகைக் காணப் புறப்பட்டதாகச் சொல்கிறார். தம் அறையின் சாளரத்திற்கு வெளியே காட்சியை மட்டும் மாற்றிக் கொண்டிருக்கிறாரோ என்று ஐயுற இடமிருக்கிறது.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கோரத்தில், திருத்தணிக்கு மேற்கிலும் சோளிங்கருக்கு வடக்கிலுமாக, ஆந்திர எல்லையை ஒட்டி இருப்பது ஆர்.கே.பேட்டை. தறியை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர். நெசவாளர் வீட்டில் முதலிடம் தறிக்குத்தான். தறி விட்டுவைத்த இடத்தில்தான் மனிதர் சமைப்பதும் உண்பதும் உறங்குவதும். ஒரே அறை பகலில் பட்டறை, மாலையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இரவில் படுக்கை. சிறிய இடத்தில் பெரிய வாழ்வை மடித்து வைக்கும் கலையை இவ்வூர்ப் பெண்களுக்கு எவரும் புத்தகம் போட்டுக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆடிக் கிருத்திகைக் காலத்தில் திருத்தணியை நோக்கி வரும் வண்டிகளைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். சிறு சரக்கு வண்டியின் நடுவே பலகை அடித்து இரண்டு தட்டாக்கி, மேலே பிள்ளைகள், கீழே பெரியவர்கள், பின்னால் பாத்திரம் பண்டம், மண்ணெண்ணெய் அடுப்பு எனக் குடும்பமே குடியேறி வரும். நாகூர்க் கந்தூரிக்குச் செல்லும் நம்மவரும் இப்படிச் சென்றவர்களே. இவர்களை எவரும் படம் பிடித்துப் பாராட்டியதில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதற்காகத் தண்டம் விதித்ததுண்டு.

பாராட்டுப் பெற்ற முயற்சி ஒன்றும் தமிழ்நாட்டிலேயே உண்டு. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த இளம் கட்டட வடிவமைப்பாளர் அருண் பிரபு, பழைய ஆட்டோ ஒன்றின்மேல் 36 சதுர அடியில் ஒரு வீட்டை அமைத்தார். கூடம், சமையலிடம், படுக்கை, கழிப்பறை அனைத்தும் அதற்குள் அடக்கம். கூரையில் 600 வாட் சூரியத் தகடு. 250 லிட்டர் நீர்த்தொட்டி. கழித்துப் போட்ட பொருள்களையே பெரும்பாலும் பயன்படுத்தியதால் செலவு ஏறத்தாழ ஒரு இலட்சம் ரூபாய்க்குள் முடிந்தது. குடிசைப் பகுதிகளில் மக்கள் தம் சிறுசேமிப்பையெல்லாம் கொட்டிக் கட்டும் வீடுகளில் கழிப்பறைக்கே இடமில்லாதிருப்பதைக் கண்ட மனத்தில்தான் இவ்வெண்ணம் உதித்தது. ஒரு சாண் இடத்தையும் வீணாக்காமல் இருந்தால் எவ்வளவு குறைந்த இடத்தில் மானத்தோடு வாழலாம் என்று காட்டுவதே நோக்கம். 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இதைப் புகழ்ந்து எழுதினார். சிறிய இடத்தின் ஆற்றலைப் பாராட்டிய அவர், பெருந்தொற்றுக்குப் பின் ஓரிடத்தில் நில்லாது திரிய விரும்புவோர் இதை நாடக்கூடும் என்றும், தம் நிறுவனத்துச் சரக்கு வண்டியின்மேல் இதைவிடப் பெரிதாக ஒன்றை அவர் அமைப்பாரா என்றும் கேட்டார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். வீடில்லாதவனை நினைத்துச் செய்த பொருளை, வீடிருந்தும் அதில் இருக்கப் பிடிக்காதவனுக்கு உகந்ததாகவும் உலகம் கண்டது. பாராட்டியவர் மீது குற்றமில்லை. ஒரு நல்ல கருவி பல கைகளுக்கும் பயன்படும். ஆனால் அதே 36 சதுர அடி ஒருவருக்கு விடுதலையாகவும் மற்றவருக்குச் சிறையாகவும் இருப்பதன் காரணம் அந்த அடிக்கணக்கில் இல்லை. விரும்பியபோது திரும்பிச் செல்ல ஒரு கதவு இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இராஜஸ்தானத்தின் காடியா லோஹார்களை எடுத்துக் கொள்வோம். வண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று இரும்படித்துப் பிழைத்த கொல்லர் குலத்தார். 1568-இல் சித்தூர்க் கோட்டை அக்பரின் படையிடம் வீழ்ந்தபோது, கோட்டை மீளும்வரை கூரையின்கீழ் வாழ்வதில்லை என்று தம் முன்னோர் சூளுரைத்ததாக அவர்களின் மரபு கூறுகிறது. கட்டிலைக்கூடக் கவிழ்த்து வைத்தே வண்டியில் ஏற்றிச் செல்வர். 1955 ஏப்ரலில் பிரதமர் நேரு அவர்களே முன்னின்று அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். நானூறு ஆண்டுச் சபதம் முடிந்தது என்று நாடு மகிழ்ந்தது. சபதம் முடிந்ததே தவிர, பலருக்குச் சாலையோர வாழ்வு முடியவில்லை. ஓரிடத்தில் தங்கிய வீடு இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் குடும்ப அட்டையும் பள்ளிச் சேர்க்கையும் எட்டாக்கனி. பொழுதுபோக்கிற்காக முகவரியைத் துறப்பவர் உண்மையில் அதைத் துறப்பதில்லை. அது அவர் தந்தையின் வீட்டுச் சுவரில் பத்திரமாக எழுதப்பட்டிருக்கிறது. வங்கிக் கடிதமும் வண்டியின் வரி ரசீதும் அங்கேதான் வந்து சேர்கின்றன.

நம் எல்லைப்புறத்தார்க்கு இது எளிதில் விளங்கும். திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று ஒரு வீடும் ஓர் அங்குலம் நகரவில்லை. மாநிலம் நகர்ந்தது, வீடுகள் நின்ற இடத்திலேயே வேறு மாநிலத்தில் விடிந்தன. இன்று வண்டி வீட்டுக்காரர் எல்லையைத் தாண்டிச் சென்று பன்னிரண்டு திங்களுக்கு மேல் மறுமாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால், சட்டப்படி அங்கே புதிதாகப் பதிவு எண் பெற வேண்டும். நிலத்தில் நிற்கும் வீடு வருவாய்த்துறையின் ஏட்டில். உருளும் வீடு போக்குவரத்துத் துறையின் ஏட்டில். ஏட்டிலிருந்து தப்பிய வீடென்று ஒன்று இல்லை. மஹல்லாவின் ஏடும் அப்படியே. நிக்காஹ் தஃப்தரில் பெயர் எழுதவும், இறுதியில் கபுறுஸ்தானில் ஓரிடம் கேட்கவும் நமக்கு ஒரு ஜமாஅத் தேவைப்படுகிறது. சக்கரத்தின் மேல் வாழ்பவர் எந்த மஹல்லாவுக்குச் சந்தா கொடுப்பார் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மரணம் நெடுஞ்சாலையில் நேர்ந்தால் சிரிப்பதற்கில்லை.

நெடுஞ்சாலை என்றதும் தொடக்கத்தில் எழுப்பிய வினா மீண்டும் வருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிலுள்ளதற்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. வீட்டு வண்டிகளுக்கெனத் தனித் தரவிதி, ஏ.ஐ.எஸ். 124 என்ற பெயரில், உண்டு. ஆனால் அதன்படி சான்று பெறுவது பட்டறையில் தனியொருவராகப் பலகை அடிப்பவரின் கைக்கு எட்டுவதன்று. இதைக் கண்டு இளைஞர்கள் சலித்துக் கொள்கின்றனர். "என் வண்டி, என் பணம், என் உழைப்பு, அரசுக்கு என்ன வந்தது?" என்கின்றனர். அச்சலிப்பில் நியாயம் இல்லாமலில்லை. கைத்திறனை முடக்கிவிட்டுப் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் வாசலைத் திறந்து வைக்கும் விதி முழுமையான விதியன்று என்பதே நம் கருத்து.

ஆயினும் இரண்டு மரணச் செய்திகளை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை இரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியொன்றில் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தனர். இலக்னோவிலிருந்து தலயாத்திரை வந்தவர்கள். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையை வைத்துச் சமைக்க முயன்றதே காரணம் எனத் தெரிவிக்கப்பட்டது. நாள்கணக்கில் அதிலேயே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு அது வண்டியன்று, வீடு. வீட்டில் அடுப்பு மூட்டினால் என்ன தவறு? எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே சென்று கலையாது. தரையோடு படிந்து மூலையில் தேங்கி நிற்கும். சாளரத்தைத் திறந்து வைத்தாலும் கீழே போக வழியில்லையென்றால் பயனில்லை.

அடுத்தது 2024 டிசம்பர். கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் உடன் வேலை செய்தவர். குளிர்சாதனத்திற்காக இயங்கிய ஜெனரேட்டரின் நச்சுக் காற்று, வண்டித் தளத்தில் இருந்த ஒரு துளை வழியே உள்ளே புகுந்ததை வல்லுநர் குழு கண்டறிந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை; உறங்குபவரை அது எழுப்புவதில்லை. ஒரு துளைதான். எதற்காகவோ எவரோ இட்ட துளை. துளையிடும் கைக்குத் தெரியும் பயன் ஒன்று. அதன் வழியே வரப்போவது வேறொன்று.

"சொந்தம்" என்ற சொல்லின் எல்லை இவ்விடத்தில்தான் நமக்குப் புலப்படுகிறது. பொருள் நம்முடையதாக இருக்கலாம். அதற்குள் உறங்குபவரின் மூச்சும், எதிரே வருபவரின் உயிரும் நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டவை. அமானிதத்தில் கை வைக்கும் உரிமையை எந்த விலைச்சீட்டும் தருவதில்லை. அதற்காகப் பழைய வேனைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தொடுபவர் அறிந்து தொட வேண்டும். வண்டி வாங்குமுன் வெளிப் பூச்சைப் பார்த்து மயங்காமல், விரிப்பைத் தூக்கித் தளத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருவர் ஓரிரவு விடும் மூச்சின் ஈரமே இரும்புச் சுவரில் நீராக வழிந்து, சுவருக்கும் பலகைக்கும் இடையே நின்று துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே காற்று வர ஒரு வழியும் போக ஒரு வழியும் தேவை. நீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பது பள்ளிப் பிள்ளைகள் அறிந்தது. ஆனால் 250 லிட்டர் என்றால் கால் டன். ஏறக்குறைய நான்கு மனிதர் எடை. அதைக் கூரையில் ஏற்றிவிட்டு வளைவில் வேகமாகத் திரும்பினால் வண்டி கவிழும். கனத்தைத் தாழ வைப்பது தச்சருக்குத் தெரிந்த நியாயம்தான். அழகை மட்டும் எண்ணிப் படம் பார்த்துக் கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

நீரைப் பற்றி ஒன்று. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம் எத்தனை குடம் நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம் என்று அளந்ததில்லை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்த்துக் கொண்டே கை கழுவும் வண்டி வாழ்க்கை அதை அளக்கச் செய்யும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்தார்கள் என்ற செய்தியை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். படித்ததோடு சரி. இந்த ஒரு பாடத்திற்காகவே நம் வீட்டுப் பிள்ளைகளை ஒரு வாரம் அவ்வண்டியில் வைத்தால் தகும் என்று தோன்றுகிறது.

வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடு, பாதையைத் தேடுமுன் துணையைத் தேடு என்ற கருத்தில் அரபியரிடையே ஒரு முதுமொழி வழங்குகிறது. உருளும் வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஒவ்வோர் இரவும் அவருக்குப் புதிய அண்டை வீட்டார். ஏரிக்கரையில் நிறுத்துகிறார், அது ஆடு மாடு இறங்கும் துறையாக இருக்கலாம். தோப்பில் நிறுத்துகிறார், அது பெண்கள் விடியலில் ஒதுங்கும் இடமாக இருக்கலாம். கழிவுநீரைத் திறந்துவிட்டு விடிந்ததும் புறப்பட்டுவிடுகிறார். ஊன்றிய வீட்டில் வாழ்பவர் செய்த அழுக்கைத் தாமே மிதிக்க வேண்டியிருப்பதால் ஓரளவு அடங்கி நடக்கிறார். சக்கரமுள்ள வீட்டிற்கு அந்தக் கடிவாளம் இல்லை. அதனால் அவரது பொறுப்பு குறைவதில்லை. கண்காணிப்பவர் எவருமில்லாததால் கூடுகிறது. அவ்வூர்க் கடையில் அரிசியும் உப்பும் வாங்கி, நிற்குமுன் இடத்துக்குரியவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நிற்பவரை எந்த ஊரும் விரட்டியதாகத் தெரியவில்லை.

வண்டியைத் தானே செய்து, தானே ஓட்டி, தானே உறங்குபவருக்கு இவற்றோடு கணக்கு முடியும். வாடகைக்கு விடத் தொடங்கும்போது ஓட்டுநர் என்ற ஒருவர் உள்ளே வருகிறார். வடகரையில் இறந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினரோடு வரும் ஓட்டுநர்கள் படுத்துறங்கவும் குளிக்கவும் தங்கும் விடுதிகள் இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதுவரை அவர்கள் காரின் முன்னிருக்கையைச் சாய்த்துத்தான் உறங்கி வந்தனர். கட்டடத்திற்கு வந்த அந்த விதி சக்கர விடுதிக்கு வரவில்லை. உள்ளே நான்கு பேருக்கு மெத்தையும், குளிர்காற்றும், கழிப்பறையும் அமைக்க ஓர் அங்குலத்தையும் வீணாக்காமல் கணக்குப் போடும் இளைஞரிடம், ஓட்டுநர் எங்கே படுப்பார் என்று நாம் கேட்க விரும்புகிறோம்.